ஏழு சொடுக்கு

வெங்கடாசலத்துக்குக் கோபம் தலைக்கேற ஏழு சொடுக்கு போதுமானதாக இருந்தது.

ஹூஸ்டனுக்கு மேற்கே, மாடு மேயும் வெட்டவெளிக்கு நடுவில் இருக்கும் துப்பாக்கி சுடும் மைதானம் அது. அக்டோபர் மாதக் காலை. அவர் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, முக்காலியில் நின்ற தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தார். அவர் காலடியில் பாயில் குப்புறப் படுத்திருந்தவர் கோபாலசாமி. வெங்கடாசலத்தின் மகன் நெடுஞ்செழியனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. தொள்ளாயிரம் கஜத்துக்கு அப்பால் இலக்குப் பலகை ஒரு தபால் தலை அளவுக்குத் தெரிந்தது. துப்பாக்கியின் மேல் கண்ணாடி எதுவும் கிடையாது. கண்ணருகே ஒரு சின்னத் துளை, குழலின் நுனியில் ஒரு வளையம், அவ்வளவுதான். ஒருவர் சுட வேண்டும். மற்றவர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டுக்கும் உரக்க மதிப்பெண் சொல்லி எழுத வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இந்தச் சுற்றில் வெங்கடாசலம் ஏற்கெனவே சுட்டு முடித்திருந்தார்.

பன்னிரண்டு குண்டு வரை கோபாலசாமி பிசகவில்லை. ஒரே ஒரு ஒன்பது, மற்றதெல்லாம் பத்து. பதின்மூன்றாவது குண்டுக்கு முன்னால் அவர் வலது கை மெல்ல மேலே போனதை வெங்கடாசலம் பார்க்கவில்லை. ஆனால் கேட்டார்.

டிக், டிக், டிக், டிக், டிக், டிக், டிக்.

துப்பாக்கியின் பின்பக்கத் துளையை இடவலமாக நகர்த்தும் திருகின் ஓசை அது. காற்று எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு திருகிக்கொள்வார்கள். அந்தத் தூரத்தில் ஒரு சொடுக்கு குண்டை மூன்று விரல் அகலம் நகர்த்தும். வெங்கடாசலம் கொடிகளைப் பார்த்தார். வரிசையாக நின்ற கொடிகள் ஐந்து நிமிஷமாக இருந்த மாதிரியேதான் இருந்தன. தொலைநோக்கியில் கானல் அதே பக்கம், அதே வேகத்தில் நெளிந்துகொண்டிருந்தது. காற்று மாறவே இல்லை.

துப்பாக்கி வெடித்தது. பலகைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தவர்கள் அதை இறக்கி, ஓட்டையில் வெள்ளை வில்லையைச் செருகி மேலே ஏற்றினார்கள். வில்லை இடது பக்கம், எட்டாம் வளையத்தில் நின்றது.

“எட்டு,” என்றார் வெங்கடாசலம். எழுதினார்.

டிக், டிக் என்று மறுபடியும் ஏழு. இந்த முறை திரும்பி வந்த சொடுக்குகள். அடுத்த குண்டு நடு வட்டத்தில் பத்து.

அதற்கு முன் எந்தப் போட்டியிலும் இந்த ஓசை அவருக்குக் கேட்டதில்லை. காதில் பஞ்சடைத்து, அதன் மேல் தடித்த காதுமூடியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் கேட்கும்? போன வாரம் அவர் பிறந்தநாளுக்கு மருமகள் வான்மதி ஒரு மின்னணுக் காதுமூடி வாங்கிக் கொடுத்திருந்தாள். பேட்டரி போட்டது. வெடிச் சத்தத்தை அடக்கிவிடும், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அன்றுதான் முதல் தடவையாக மாட்டியிருந்தார். புல்லில் வெட்டுக்கிளி நகர்வது கூடக் கேட்டது.

பதினைந்தாவது, கடைசிக் குண்டு. கோபாலசாமியின் கை மறுபடி திருகுக்குப் போனது. ஏழு சொடுக்கு.

“திருகைத் திருப்பி வைங்க,” என்றார் வெங்கடாசலம், பல்லைக் கடித்துக்கொண்டு.

கோபாலசாமியின் முதுகு ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு துப்பாக்கி வெடித்தது. வெள்ளை வில்லை எட்டில் ஏறி நின்றது, முன்பு நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

“எட்டு,” என்று கத்தினார் வெங்கடாசலம். பக்கத்துப் பாயில் இருந்த ஹாங்க் என்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். பத்து வருஷமாக அதே வரிசையில் படுத்துச் சுடுகிற மனிதர். “எவ்ரிதிங் ஓகே, வெங்க்?” என்றார்.

“ஓகே, ஓகே,” என்றார் வெங்கடாசலம். அட்டையில் கூட்டிப் பார்த்தார். முதல் சுற்றான எண்ணூறு கஜத்தில் இருவரும் சமம். தொள்ளாயிரத்தையும் கூட்டினால் வெங்கடாசலம் ஒரு புள்ளி முன்னால். எப்போதும் அந்த ஒரு புள்ளிதான். ஒன்றரை வருஷமாக, ஏறக்குறைய ஒவ்வொரு போட்டியிலும், ஒன்று அல்லது இரண்டு. அதற்கு மேல் போனதில்லை.

இதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு வெங்கடாசலத்தின் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். எண்ணெய்க் குழாய் பொறியாளராக வந்து சுகர் லேண்டில் வீடு கட்டி இருபது வருஷமாகிறது. அவருக்குப் பத்தொன்பது வயதில் அவர் அக்காவின் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து பந்தி போட்டாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் இலை முன்னால் உட்கார மறுத்துவிட்டார். வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. “பசியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்கூட்டர் சாவி அவர் கைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பசித்தது. அதுவரை வெங்கடாசலத்தின் தகப்பனார் அந்த நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்றார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வெங்கடாசலத்துக்கு இன்றும் தெரியும். அவர் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஆகவே தம் மகனுக்குப் பெண் எடுத்தபோது நிச்சயதார்த்தத்தில், இருநூறு பேர் நடுவில் எழுந்து நின்று சொன்னார்: “பொண்ணு வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு குண்டூசி வரக்கூடாது. வந்தா அதைத் திருப்பி அனுப்பற கை என் கையா இருக்கும்.” சொன்னபடியே நடந்தார். பெண் வீட்டார் அனுப்பிய வெள்ளித் தட்டு இரண்டு அடுத்த நாளே திரும்பிப் போயின. அவர் மனைவி பவளத்துக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அந்தப் பேச்சை ஹூஸ்டன் தமிழர்கள் பல நாள் பேசினார்கள். வெங்கடாசலமும் அதைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோபாலசாமி மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து கொடுப்பவர். காங்கேயம் பக்கம். கல்யாணப் பேச்சு வருவதற்கு ஆறு வருஷம் முன்பிருந்தே இருவரும் இந்த மைதானத்தில் அடுத்தடுத்த பாயில் படுத்துச் சுட்டவர்கள். அப்போதெல்லாம் பேச்சே வேறு. “யோவ் வெங்கடாசலம், பக்கத்துப் பலகையில சுட்டுடாதய்யா, அவன் பாவம்,” என்பார் கோபாலசாமி. “ஆளைத் தூங்க வெச்சுச் சம்பாதிக்கிற ஆளு நீ, முழிச்சிருக்கறவன்கிட்ட வெச்சுக்காதே,” என்பார் இவர். ஒரு மாதம் அவர் ஜெயிப்பார், ஒரு மாதம் இவர். உண்மையைச் சொன்னால் கோபாலசாமிதான் அதிகம் ஜெயித்தார்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் முதல் “யோவ்” போய்விட்டது. “வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி.” துப்பாக்கிப் பெட்டியைக் கூட அவரே தூக்கிக்கொண்டு வரப் பார்த்தார்.

அதன் பிறகு வந்த முதல் போட்டியில் கோபாலசாமி ஜெயித்தார். அடுத்த மாதத்திலிருந்து வெங்கடாசலம் ஜெயிக்க ஆரம்பித்தார். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. அப்போதுதான் கோபாலசாமி ஒரு யோசனை சொன்னார்.

“சம்பந்தி, நீங்க இப்ப நல்ல ஃபார்ம்ல இருக்கீங்க. அந்தப் பழைய ரைஃபிளை வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க? ராய்கிட்ட ஒரு கஸ்டம் ரைஃபிள் ஆர்டர் பண்ணுங்க. உங்க உடம்புக்குன்னே செய்யட்டும்.”

ராய் என்பவர் வடக்கே ஒரு சின்ன ஊரில் பட்டறை வைத்திருக்கும் துப்பாக்கி செய்பவர். கோபாலசாமியே காரில் அழைத்துப் போனார். வெங்கடாசலம் தடித்த சுடும் கோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறையின் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தார். தோளிலிருந்து விரல் வரை, கன்னத்து எலும்பிலிருந்து கண் வரை ராய் அளந்தார். துப்பாக்கியின் கட்டையில் கன்னம் பதியும் இடம், கை பிடிக்கும் இடம், தோள் முட்டும் இடம் எல்லாமே அவருக்கென்று செதுக்கப்பட்டன. நீளமான கனத்த குழலுக்குப் பல மாதம் காத்திருந்தார்கள். துப்பாக்கி வந்த அன்று அதில் கன்னத்தை வைத்துப் படுத்ததும் கண் தானாகத் துளைக்கு நேராகப் போய் நின்றது. தேடவே வேண்டியிருக்கவில்லை. தையற்காரன் தைத்த சட்டை கூட அவருக்கு அப்படிப் பொருந்தியதில்லை.

அந்த டிசம்பரில் அவர் கிளப்பின் வருடாந்திரச் சாம்பியன். பெயர் பொறித்த மரப் பலகையைக் கூடத்தில், வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் மாட்டினார். பொங்கல் விழாவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். அவர் செய்ததிலேயே கேவலமானது ஒன்று உண்டு. பத்துப் பேர் நடுவில் கோபாலசாமியின் முதுகில் தட்டி, “அந்தப் பழைய இரும்பைத் தூக்கிப் போடுங்க சம்பந்தி, நீங்களும் ஒண்ணு புதுசு செஞ்சுக்குங்க,” என்றார். கோபாலசாமி சிரித்தார். “ஆகட்டுங்க,” என்றார்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போதுதான் வெங்கடாசலத்துக்குப் புரிந்தது.

தொள்ளாயிரம் முடிந்து, எல்லாரும் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஆயிரம் கஜக் கோட்டுக்கு நடந்தார்கள். வெங்கடாசலம் வேண்டுமென்றே பின்தங்கினார். கோபாலசாமியும் பின்தங்கினார், வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“எத்தனை நாளா?” என்றார் வெங்கடாசலம்.

“என்னதுங்க சம்பந்தி?”

“நடிக்காதீங்க. காதுல மிஷின் மாட்டியிருக்கேன். ஏழு சொடுக்கு அந்தப் பக்கம், ஏழு சொடுக்கு இந்தப் பக்கம். காத்தே மாறலை. எத்தனை நாளா இந்த வேலை?”

கோபாலசாமி நடப்பதை நிறுத்தினார். துப்பாக்கிப் பெட்டியைப் புல்லில் வைத்தார். அறுபதை நெருங்கும் மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி இருந்துங்க.”

“எல்லா மேட்சுமா?”

“எல்லாம் இல்லீங்க. சிலது நீங்களே ஜெயிச்சீங்க.”

“எது எது?”

“அதெல்லாம் ஞாபகம் இல்லீங்க.”

“சாம்பியன்ஷிப்?”

கோபாலசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலைகுனிவே பதில்.

“அடப்பாவி மனுஷா! ஒரு குண்டூசி வேண்டாம்னு சபையில சொன்னேனே, வெள்ளித் தட்டைத் திருப்பி அனுப்பினேனே! நீங்க என்ன பண்ணீங்க? எனக்குத் தெரியாம என் வீட்டுக்குள்ள சீர் அனுப்பிட்டீங்க! உங்க சீர்வரிசையை என் கூடத்துச் சுவத்துல நானே ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்கேன். வர்றவன் போறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கேன். இதுக்கு நீங்க ஒரு கார் வாங்கிக் குடுத்திருக்கலாம். அதை நாலு பேருக்கு முன்னாடி திருப்பிக் குடுத்திருப்பேன். இதை எப்படித் திருப்பிக் குடுக்கறது?”

“மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! எவனுக்குத் தமிழ் தெரியும் இங்க? அப்புறம் இந்த ரைஃபிள். ராய்கிட்ட கூட்டிட்டுப் போனதே நீங்க. நான் ஜெயிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்னுதானே? எனக்கும் மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சுட்டீங்க.”

“ரைஃபிளைக் குறை சொல்லாதீங்க. அது நல்ல ரைஃபிள். அது பொய் சொல்லாது.”

“ஆமா, அதைத் தவிர எல்லாம் பொய் சொல்லுது!”

கோபாலசாமியின் முகம் சிவந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டார். இத்தனை நேரம் இருந்த பணிவு அதோடு போயிற்று.

“ஏனுங்க, நீங்க பேசிட்டீங்க. நான் பேசலாமா? நிச்சயம் முடிஞ்சு மொத மேட்சு. நான் ஜெயிச்சேன். எங்கூட்டுக்காரி பர்வதம் விடிகாலையில எந்திரிச்சு அரிசிம்பருப்பு சாதம் பண்ணி, தயிரு, அப்பளம், எல்லாம் கட்டி, ரெண்டு மணி நேரம் டிரைவ் பண்ணி இங்க கொண்டு வந்தா. சம்பந்திக்கு நம்ம கையால மொத சாப்பாடுன்னு. நீங்க என்ன பண்ணீங்க? தட்டைக் கையில குடுத்தா. ‘பசியில்லை’ன்னு சொன்னீங்க. பொட்டியைத் தூக்கிக் கார்ல போட்டீங்க. திரும்பிக் கூடப் பாக்காமப் போனீங்க. பத்து நாள் போன் இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. பர்வதம் ராத்திரியெல்லாம் தூங்கலை. ‘மாப்பிள்ளை வீட்டுக்காரரைத் தோக்கடிச்சுட்டு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கு அறிவிருக்கா’ன்னு என்னைக் கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?”

வெங்கடாசலத்துக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஆனால் வேறு விதமாக.

“யோவ், அன்னிக்கு என் குழல் செத்துப் போச்சுய்யா! பழைய ரைஃபிளோட குழல் தேஞ்சு போய், குண்டு போன இடமெல்லாம் போச்சு. அந்தக் கோபம். அதுக்கு மேல ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட், பத்து நாள் ராத்திரி பகல் பாக்காம வேலை. உங்க மேல எனக்கு என்ன கோபம்?”

“கோபம் குழல் மேலன்னா, அதைச் சோத்து மேல ஏன் காட்டினீங்க?”

வெங்கடாசலம் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பசியில்லை. அந்தச் சொல்லை எந்த வாயிலிருந்து முதலில் கேட்டார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மண்டப வாசலில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாய் அது.

ஆனால் கோபக்காரனுக்கு உடனே இறங்கி வரத் தெரியாது. அவரும் இறங்கவில்லை.

“இதோ பாருங்க. ஆயிரத்துல நீங்க ஒழுங்காச் சுடணும். அந்தத் திருகைக் காத்துக்காக இல்லாம ஒரு சொடுக்கு நகத்தினீங்கன்னா, இந்த ரைஃபிளைக் கொண்டுபோய் ராய்கிட்டப் போட்டுட்டு, அதோட உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். சொல்லிட்டேன்.”

“பாருங்க!” என்றார் கோபாலசாமி. குரல் உடைந்தது, ஆனால் அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். “நீங்க படி ஏறாட்டி உங்களுக்கு ஒண்ணும் இல்லை. என் பொண்ணு உங்க வீட்டுல தலை குனிஞ்சு நிப்பா. அதை வெச்சுத்தானே மிரட்டறீங்க? இதுக்குத்தானே நான் பயந்தேன்! ஒன்றரை வருஷமா நல்ல குண்டை எல்லாம் எட்டுல போட்டுப் போட்டு எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கு மட்டும் மானம் இல்லையா? அந்தப் பலகையில இருக்க வேண்டிய பேரு என்னுதுய்யா! என்னுது!”

காற்று கொஞ்சம் எழும்பியது. கோட்டில் இருந்தவர்கள் பாயை விரிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஹாங்க் கையை நெற்றியில் வைத்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடாசலம் தம் பூட்ஸ் நுனியையே பார்த்தார். குண்டூசி வேண்டாம் என்று சபையில் சொன்னது பெரிய காரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். குண்டூசியை வேண்டாம் என்றவர் பயத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதைத் திருப்பி அனுப்ப அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது கூட, ஒரு நிமிஷத்துக்கு முன்னால், அதே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டுதான் பேசினார். அவருக்குத் தம் மேலேயே வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை வெளியே காட்டவும் வழியில்லை.

“சரி,” என்றார் உறுமலாக. “படி ஏறுவேன். நீங்க ஜெயிச்சாலும் ஏறுவேன், நான் தோத்தாலும் ஏறுவேன். தங்கச்சி இன்னிக்குச் சோறு கொண்டு வருதா?”

“வருது. வான்மதியும் கூட வருது.”

“தோத்தா இங்கயே, இந்தப் புல்லுல உக்காந்து, எல்லாருக்கும் முன்னாடி சாப்பிடுவேன். போதுமா? ஆனா நீங்க சுடணும். நிஜமாச் சுடணும். அப்புறம் இந்த மைதானத்துக்குள்ள என்னைச் சம்பந்தின்னு கூப்பிடக்கூடாது.”

“பின்னே எப்படிக் கூப்பிடறது?”

“பழைய மாதிரி.”

கோபாலசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆயிரம் கஜத்தில் கோபாலசாமி முதலில் படுத்தார். வெங்கடாசலம் ஸ்டூலில் உட்கார்ந்து காதுமூடியின் ஒலியை முழுதாகக் கூட்டி வைத்தார். ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணினார், ஒவ்வொரு கொடியையும் பார்த்தார். காற்று இப்போது விளையாட ஆரம்பித்திருந்தது; தணியும், திடீரென்று தள்ளும். கோபாலசாமி காற்றோடு கூடவே போனார். இரண்டு சொடுக்கு, நிறுத்தம், ஒரு சொடுக்கு திரும்ப. அந்தப் பழைய இரும்பு, வருஷக் கணக்கில் கையில் பட்டுக் கறுத்த கட்டையோடு, பத்து பத்தாகப் போட்டுக்கொண்டே போனது. வெங்கடாசலம் “பத்து” என்று சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் ஆத்திரமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இப்படிச் சுடத் தெரிந்தவன் ஒன்றரை வருஷம் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தான்!

கடைசிக் குண்டு முடிந்தபோது கோபாலசாமி விட்டது மூன்றே புள்ளி. வெங்கடாசலம் கையெழுத்துப் போட்டு அட்டையை நீட்டினார். இருவரும் இடம் மாறினார்கள்.

அவர் படுத்தார். வார்ப்பட்டை கையில் இறுகியது. கன்னம் கட்டையில் பதிந்தது; கண் தானாகத் துளைக்கு நேரே போய் நின்றது. துப்பாக்கி எப்போதும் போல அவருடையதாக இருந்தது. ஆனால் இன்று முதல் தடவையாக அது எவ்வளவு நல்லது, தாம் எவ்வளவு நல்லவர் என்பது தெரியப்போகிறது.

நன்றாகவே சுட்டார். யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. நடுவில் காற்று ஏமாற்றி ஒரு எட்டு, ஒரு ஒன்பது. மறுபடி சமாளித்து வரிசையாகப் பத்து. கடைசிக் குண்டுக்கு வந்தபோது கணக்கு அவருக்கே தெரிந்தது. ஏற்கெனவே இன்னொரு புள்ளியும் போயிருந்தது. பத்து அடித்தால் மொத்தத்தில் சமம்.

கொடிகள் தணிந்தன. அவர் ஒரு சொடுக்கு குறைத்தார். மூச்சைப் பாதியில் நிறுத்தினார். விரல் அழுத்தும் அந்தக் கணத்தில் தூரத்துக் கொடி ஒன்று மறுபடி எழும்புவது கண்ணோரத்தில் தெரிந்தது. அதற்குள் குண்டு போய்விட்டது.

பலகை இறங்கியது. வெகுநேரம் மேலே வரவில்லை என்று தோன்றியது. வந்தது. வில்லை பத்தாம் வளையக் கோட்டுக்கு வெளியே, அரை விரல் தள்ளி நின்றது.

பின்னால் கோபாலசாமியின் குரல் உடனே வரவில்லை. வெங்கடாசலத்தின் பிடரி விறைத்தது. சொல்லு, என்று மனசுக்குள் கத்தினார். பத்துன்னு மட்டும் சொல்லிப் பாரு, இந்தக் கட்டையாலேயே மண்டையைப் பிளக்கறேன்.

“ஒன்பது,” என்றார் கோபாலசாமி.

வெங்கடாசலம் துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு எழுந்தார். முழங்கால் வலித்தது. காற்றின் மேல் கோபம், தம் விரல் மேல் கோபம், இந்த ஒரு புள்ளி மேல் கோபம். ஆனால் கலப்படமில்லாத கோபம் அது. சுட்டுத் தோற்றவனுக்கு வருகிற கோபம். அதைத் தொட்டு ஒன்றரை வருஷமாகியிருந்தது.

கார் நிறுத்தும் இடத்தில், ஓக் மரத்தடியில் பர்வதம் டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தாள். வான்மதி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வருவதைப் பார்த்ததும் பர்வதம் கணவனின் முகத்தைப் பார்த்தாள். கோபாலசாமி தலையை ஆட்டினார். யார் ஜெயித்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

வெங்கடாசலம் நேராக வந்தார். துப்பாக்கிப் பெட்டியைக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டார். புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

“தட்டைக் குடும்மா.”

“அண்ணா, உங்களுக்கு... பசிக்குதுங்களா?” என்றாள் பர்வதம்.

“பசிக்குது,” என்று கத்தினார். அவள் திடுக்கிட்டுப் போனாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ள முயன்றார், முடியவில்லை. “நல்லாப் பசிக்குது. தோத்தவனுக்குத்தான் பசி அதிகம். அரிசிம்பருப்புதானே? நிறையப் போடு. நெய் எங்கே?”

வான்மதி நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தாள். “மாமா, காதுமூடி நல்லாக் கேட்டுச்சா?” என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அப்பா கஷ்டப்படுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவளின் முகம் அது. அவளுக்கும் கோபம் இருந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“கேட்டுச்சு,” என்றார். “என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும். பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டார். பசி உண்மையாகவே இருந்தது. ஹாங்கும் இன்னும் இரண்டு பேரும் தம் தம் வண்டியில் சாய்ந்துகொண்டு, எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து தனியாகச் சாண்ட்விச் தின்னும் வெங்க் புல்லில் உட்கார்ந்து கையால் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

“சாயங்காலம் அந்தப் பலகையைக் கழட்டிக் கொண்டாரேன்,” என்றார் வாயில் சோற்றோடு, யார் முகத்தையும் பார்க்காமல். “உங்க வீட்டுக் கூடத்துல நானே மாட்டறேன். என் பேரு மேல உங்க பேரை ஒட்டிக்குங்க.”

கோபாலசாமி தம் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பளத்தை உடைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். பர்வதம் இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“யோவ் வெங்கடாசலம்,” என்றார்.

பர்வதத்தின் கையில் இருந்த மூடி நழுவிக் கீழே விழுந்தது.

“அவ்வளவு நீளக் குழலு, அளவெடுத்துச் செஞ்ச கட்டை. அதை வெச்சுக்கிட்டு இந்தப் பழைய இரும்புகிட்டத் தோத்துட்டியே. வெக்கமா இல்லையாய்யா உனக்கு?”

வெங்கடாசலத்தின் முகம் காது மடல் வரை சிவந்தது. தாடை இறுகியது. தட்டில் இருந்த கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பர்வதத்தின் பக்கம் நீட்டினார்.

“அடுத்த மாசம் வாய்யா, பாக்கலாம்,” என்றார். “தங்கச்சி, இன்னொரு கரண்டி போடு.”